உழைப்பு அக்கரையில், உறக்கம் இக்கரையில்: ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் வரியும் வாடகையும்

ஒரு குடும்பம் எந்த ஊரில் குடியிருப்பது என்று முடிவு செய்யும்போது, வேலையிடத்தின் தொலைவையும் வீட்டு வாடகையையும் ஒன்றுக்கு ஒன்று ஈடாக வைத்துக் கணக்கிடுகிறது என்பது நகரப் பொருளியலின் அடிப்படைப் பாடம். 1964இல் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ இதனை முறையான கோட்பாடாக வகுத்தார். நகர மையத்தை விட்டு விலக விலகப் போக்குவரத்துச் செலவு ஏறுகிறது, அதற்கேற்ப வாடகை இறங்குகிறது, இரண்டும் சேர்ந்து தம் வருமானத்துக்கு அடங்கும் இடத்தில் மக்கள் குடியேறுகிறார்கள் என்பது அதன் சாரம். வாடகை இவ்வாறு படிப்படியாக இறங்குவதை வாடகைச் சரிவு என்று குறிப்பிடலாம். இடையில் ஒரு நாட்டெல்லை குறுக்கிட்டுவிட்டால் இந்தச் சரிவு சீராக இருப்பதில்லை. கோட்டின் அந்தப் பக்கம் நாணயமும் வரிச்சட்டமும் ஓய்வூதிய ஏற்பாடும் ஒருசேர மாறிவிடுவதால் வாடகை சட்டென்று விழுகிறது. தொலைவையோ கிலோமீட்டரில் அளந்து பயனில்லை, கடவுச்சீட்டு வரிசையில் நிற்கும் நேரத்தால்தான் அளக்க முடியும்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் இடைப்பட்ட நீரிணை. 1924 ஜூன் மாதம் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். மேற்கே துவாஸை இணைக்கும் இரண்டாம் பாலம் 1998இல் வந்தது. இவற்றைக் கடந்து அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்பும் மலேசியர்களின் தொகை லட்சங்களில் சொல்லப்படுகிறது. சீனர், மலாய்க்காரர் ஆகியோருடன், ஜொகூரின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டு மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இவர்களில் உண்டு.

இந்த ஓட்டத்தின் முதற்காரணம் நாணய மதிப்பு. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றிக்கொள்ளப்பட்டன. அந்த ஏற்பாடு முறிந்த பின் இரண்டும் விலகிச் சென்று, 2024இன் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ மூன்றரை மலேசிய வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, எட்டியது. மூன்று ரிங்கிட் என்று குறைத்தே கணக்கிட்டாலும், சிங்கப்பூரில் மாதம் 2,000 வெள்ளி ஈட்டும் ஒருவரின் கையில் 6,000 ரிங்கிட் சேர்கிறது. மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியமோ 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அதே 2,000 வெள்ளியை வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலேயே குடும்பம் நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை அங்கு வாடகைக்கு அறை தேடியவர்கள் நன்கு அறிவர். ஆகவே ஊதியத்தை ஒரு நாணயத்தில் பெற்று, வாடகையையும் அரிசி பருப்பையும் பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தையும் மற்றொரு நாணயத்தில் செலுத்துவது குடும்பக் கணக்குக்கு உகந்ததாகிறது.

வரிச்சட்டம் இந்தக் கணக்கை மேலும் ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. உழைப்பு எங்கே நிகழ்கிறதோ அங்கேதான் ஊதியத்துக்கு வரி என்பது இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடுகளின் பொது விதி. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி கேட்காதபடி செய்துகொள்ளும் ஒப்பந்தமே அவ்வாறு அழைக்கப்படுகிறது. இவ்விதிப்படி ஜொகூரில் உறங்கிச் சிங்கப்பூரில் உழைப்பவர் சிங்கப்பூருக்கே வரி செலுத்துகிறார். அங்கே வரிக்கு உட்பட்ட வருமானத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் தனிநபர் என்ற முறையில் 2036 இறுதி வரை மலேசியா விலக்களித்துள்ளது. சிங்கப்பூரில் ஓராண்டில் 183 நாள் அல்லது அதற்கு மேல் பணிபுரிந்தவர் வரி நோக்கில் அந்நாட்டுவாசியாகக் கொள்ளப்படுகிறார், அவருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. மாதம் 2,000 வெள்ளி பெறுபவரின் ஆண்டு வருமானமான 24,000 வெள்ளிக்கு, எந்தக் கழிவும் கோராவிட்டாலும், 80 வெள்ளிதான் வரி. ஆண்டின் நடுவில் வேலை போய் 183 நாள் நிறைவுறாமற்போனால், வரிநோக்கில் வெளிநாட்டவராகிவிடும் அவருடைய ஊதியத்தில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் வரியாகப் போய்விடக்கூடும். கூலித் தொழிலாளி ஒருவருக்கு இந்த 183 என்ற எண் எத்துணை முக்கியம் என்பது வரி ஆலோசகர்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

வரியைவிடப் பெரிய வேறுபாடு சிங்கப்பூரின் மத்திய சேம நிதியில் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 55 வயது வரை தம் ஊதியத்தில் 20 விழுக்காட்டை இந்த நிதிக்குச் செலுத்த, முதலாளி 17 விழுக்காடு சேர்க்கிறார். வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரியும் மலேசியருக்கு இது பொருந்துவதில்லை. ஆதலால் 2,000 வெள்ளிக்கு வேலை செய்யும் சிங்கப்பூரர் 1,600 வெள்ளியோடு வீடு திரும்ப, பக்கத்து இருக்கையில் அமர்ந்த மலேசியர் முழு 2,000 வெள்ளியையும் எடுத்துச் செல்கிறார். இது வரவு போலத் தோன்றினாலும், முதுமைக்கென்று யாரும் எதையும் ஒதுக்கிவைக்கவில்லை என்பதே இதன் மறுபெயர். மலேசிய ஊழியர் சேமநிதியில் தாமாக முன்வந்து பணம் போட்டாலன்றி, இருபது ஆண்டு பாலம் கடந்தவருக்கும் முதுமையில் ஓய்வூதியம் என்று எதுவும் இராது. இந்த ஓட்டத்தைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் குறை இதுவே.

எதில் ஏறிச் செல்வது என்பதையும் கட்டணங்களே தீர்மானிக்கின்றன. மலேசியப் பதிவெண் கொண்ட கார் வேலைநாளில் சிங்கப்பூருக்குள் நுழைந்தால் நாளொன்றுக்கு 35 வெள்ளி, மோட்டார் சைக்கிளுக்கு 4 வெள்ளி. ஆண்டுக்கு முதல் பத்து நாள் கட்டணமில்லை. மாதத்தில் 22 வேலைநாள் என்று கொண்டால் காருக்கு 770 வெள்ளியும் மோட்டார் சைக்கிளுக்கு 88 வெள்ளியும் ஆகின்றன. 2,000 வெள்ளி ஊதியக்காரருக்குக் கார் கட்டுப்படியாகாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. விடியற்காலை நான்கு மணி முதல் கடற்பாலத்தை நிறைக்கும் மோட்டார் சைக்கிள் வெள்ளம் இந்த 35க்கும் 4க்கும் உள்ள இடைவெளியிலிருந்து பிறந்தது. காற்றும் தூறலும் மார்பில் அறையாதிருக்கச் சட்டையை முன்பின்னாகத் திருப்பி அணிந்து, கடவுச்சீட்டை எட்டும் பையில் செருகி, எஞ்சினை அணைத்துக் காலால் உந்தி உந்தி வண்டியை நகர்த்திச் செல்லும் அந்த வரிசையில், ஒரு கிலோமீட்டர் கடக்க ஒரு மணி நேரம் ஆகும் நாள்கள் அரிதல்ல. வாடகையில் மிச்சப்பட்ட பணத்தின் விலை உறக்கத்தில் கழிக்கப்படுகிறது. எந்த வரிப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

ரயிலின் கணக்கு வேறு. 2015 முதல் ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஓடும் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடத்தில் நீரிணையைக் கடக்கிறது. போகும்போது பயணச்சீட்டு 5 ரிங்கிட், திரும்பும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி. ஒரே தண்டவாளம், ஒரே பெட்டி, திரும்பும் வழிக்கு மட்டும் மும்மடங்குக் கட்டணம். எல்லை என்பது என்ன என்று மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சிங்கப்பூரும் தன் வரி வருவாய் பாலத்தின் வழியே கசிந்துவிடாமல் காத்துக்கொள்கிறது. மலேசியாவில் விலை குறைந்த பெட்ரோலை நாடிச் சிங்கப்பூர்க் கார்கள் செல்வதைத் தடுக்க, தொட்டி பாதியேனும் நிறைந்திருக்க வேண்டும் என்று 1989இல் விதித்து, 1991இல் அதை முக்கால் தொட்டியாக உயர்த்தியது.

உழைக்கும் இடத்தில் வரி என்ற விதி தனிமனிதருக்கு நியாயமாகவே தோன்றும். அவர் உறங்கும் ஊரின் நிலையிலிருந்து பார்த்தால் அதன் குறை புலப்படும். பள்ளிக்கூடம், கழிவுநீர்க் குழாய், குப்பை வண்டி, சாலை, மருத்துவமனைப் படுக்கை ஆகிய அனைத்தையும் அளிப்பது குடியிருக்கும் ஊர். வருமான வரியைப் பெறுவது வேறொரு நாடு. இந்த முரணுக்கு ஐரோப்பாவில் ஒரு விடை உண்டு. ஜெனீவாவில் வேலை செய்து பிரான்சில் குடியிருக்கும் எல்லைத் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்; அவர்களின் ஊதியத்திலிருந்து ஜெனீவா மாநிலமே வரியைப் பிடித்துக்கொண்டு, 1973ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மொத்த ஊதியத்தில் 3.5 விழுக்காட்டைப் பிரான்சின் ஐன், ஓத்-சவுவா ஆகிய இரு மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் திருப்பி அனுப்புகிறது. அண்மை ஆண்டுகளில் இத்தொகை 30 கோடி சுவிஸ் பிராங்கைத் தாண்டியுள்ளது. அதே நாட்டெல்லையில் பாசெல், வோ உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு 1983ஆம் ஆண்டு உடன்பாடு நேர்மாறான முறையை வைத்தது: அங்கே தொழிலாளி தாம் உறங்கும் பிரான்சில் வரி செலுத்த, பிரான்ஸ் 4.5 விழுக்காட்டைச் சுவிட்சர்லாந்துக்கு அளிக்கிறது. எந்தப் பக்கம் வரி வசூலித்தாலும் மறுபக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு என்ற கொள்கை இரண்டுக்கும் பொது. லக்சம்பர்க்கோ, தன் ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அயல்நாடுகளிலிருந்து வந்துபோகும் நிலையிலும், பெல்ஜியத்தின் எல்லையோர ஊர்களுக்குப் பங்கு தந்து, பிரான்சுக்கு வரிப்பங்கு தர இணங்காமல் போக்குவரத்துத் திட்டங்களுக்கு மட்டும் கைகொடுக்கிறது.

ஜொகூருக்கு அத்தகைய பங்கு எதுவும் கிடைப்பதில்லை. தொழிலாளர் கொண்டுவந்து செலவிடும் சிங்கப்பூர் வெள்ளியே அவ்வூருக்குரிய ஈடு என்று வாதிடுவோர் உண்டு. கடைத்தெருவுக்கு அது உண்மைதான். ஆயினும் அதே வெள்ளி வாடகையையும் ஏற்றிவிடுகிறது என்பதையும், அந்த ஏற்றத்தை ரிங்கிட் ஊதியக்காரரே சுமக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாதம் முழுமை பெறும்.

இத்தகைய வாழ்க்கை எத்துணை நொய்ம்மையானது என்பது 2020இல் வெளிப்பட்டது. கொரோனாத் தொற்றைத் தடுக்க மலேசியா மார்ச் 18 முதல் எல்லையை மூடியபோது, முந்தைய இரவே துணிமூட்டையுடன் பாலத்தைக் கடந்தவர்கள் பலர். தங்க இடமின்றிச் சிங்கப்பூரின் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தருகே படுத்துறங்கியவர்களும் உண்டு. நில எல்லை 2022 ஏப்ரல் 1 அன்றுதான் முழுமையாகத் திறந்தது.

இப்போது இரு மாற்றங்கள் இக்கணக்கைத் திருத்தி எழுத வருகின்றன. ஒன்று, புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில். 2026 இறுதியை ஒட்டித் தொடங்கத் திட்டமிடப்பட்ட இது ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை ஏற்றிச் செல்லும், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். மற்றொன்று, 2025 ஜனவரியில் ஒப்பந்தமான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலம். அங்கே பணிபுரியும் தகுதியுடைய அறிவுசார் பணியாளர்களுக்குப் பத்தாண்டு காலம் 15 விழுக்காடு என்ற ஒரே வரிவிகிதத்தை மலேசியா அறிவித்துள்ளது. முன்னது பாலம் கடப்பதை எளிதாக்கி மேலும் பலரை அக்கரைக்கு இழுக்கும், பின்னது உயர்கல்வி பெற்றோரை இக்கரையில் நிறுத்திவைக்க முயலும். வரிச்சலுகை பொறியாளருக்கும் மென்பொருள் வல்லுநருக்கும் உரியது. பயண நேரம் சுருங்குவதால் புக்கிட் சாகாரைச் சுற்றி ஏறப்போகும் வாடகையோ எல்லோருக்கும் உரியது. அங்கே ரிங்கிட்டில் ஊதியம் பெறும் தாதியும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும், எந்த எல்லையையும் கடக்காதவர்களாயினும், தெப்ராவ் புறநகருக்கும் அதற்கு அப்பாலும் வீடு தேடி, தம் சொந்த நகரத்துக்கே நெடுந்தொலைவு பயணம் செய்து வேலைக்கு வர வேண்டியிருக்கும்.