புறங்கால் ஏன் வலிக்கிறது?

பள்ளி விளையாட்டு விழா நெருங்குகிறது. இதுவரை ஓடிப் பழகாத மாணவன் ஒருவன் திடீரென்று நாள்தோறும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடத் தொடங்குகிறான். மூன்றாம் வாரத்தில் புறங்காலில், அதாவது பாதத்தின் மேற்புறத்தில், வலி தோன்றுகிறது. அவன் கீழே விழவில்லை; காலில் அடியும் படவில்லை. "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மீண்டும் ஓடுகிறான். அவன் செய்வது சரிதானா?

மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வளைத்தால் அது ஒடிவதில்லை. மாறி மாறி வளைத்து நிமிர்த்துங்கள். சிறிது நேரத்தில் ஒடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒவ்வொரு வளைவிலும் சற்றே வளர்வதுதான் காரணம். இதனை உலோகச் சோர்வு என்பர்.

எலும்பும் இவ்வாறு சோர்வடையும். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் விரல்களை நோக்கிச் செல்லும் ஐந்து நீண்ட எலும்புகள் புறங்காலில் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஓடும்போது பாதம் தாங்கும் விசை உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்காகும். ஓர் எட்டு ஒரு மீட்டர் எனக் கொண்டால், 400 மீட்டர் சுற்றில் ஒவ்வொரு பாதமும் 200 முறை தரையை மிதிக்கும். பத்துச் சுற்றுக்கு 2,000 முறை! இரண்டாவது, மூன்றாவது எலும்புகளே பெரும்பாலும் விரிசலுக்கு உள்ளாகின்றன.

1855-ஆம் ஆண்டில் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைத்தாப்ட், நெடுந்தொலைவு அணிநடை சென்ற வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதை விவரித்தார். எலும்பு முறிவே காரணம் என்பது அன்று தெரியவில்லை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897-இல், அக்கதிர்ப் படங்கள் உண்மையைக் காட்டின. 'அணிநடை முறிவு' என்ற பெயர் இவ்வாறு வந்ததே.

புறங்கால் வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. காலணியின் நாடாவை இறுக்கிக் கட்டினால், விரல்களை உயர்த்தும் தசைநாண்கள் அழுந்தி வீங்கலாம். நரம்பு நசுங்கினால் மரத்துப்போகும். வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்மானமும் காரணமாகலாம். நாடாவைத் தளர்த்தியதும் வலி குறைகிறதா என்று பாருங்கள். குறையாமல், எலும்பின்மீது ஒரே இடத்தில் விரல் நுனியால் அழுத்தும்போது 'சுரீர்' என்று வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் விரிசல் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே, படம் நன்றாக இருக்கிறதென்று உடனே ஓடிவிடாதீர்கள். ஓடினால் விரிசல் முழு முறிவாகிவிடக் கூடும்.

கம்பிக்கும் எலும்புக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கம்பி தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளாது. எலும்போ உயிருள்ளது, பழுதுற்ற பகுதியை நீக்கிப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். அதற்கு வேண்டுவது ஓய்வு. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள். பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுபவர்களுக்கு அந்த ஓய்வும் தேவைப்படாமல் போகலாம். நம் மாணவன் முதல் வாரத்தில் இரண்டு சுற்றோடு நிறுத்தியிருந்தால், விழா நாளன்று ஓடியிருப்பான் அல்லவா?