உஷார்! தண்ணீரில் ஓடும் வண்டிக்குப் பணம் கட்டாதீர்கள்

‘பெட்ரோலுக்கு குட்பை! இனி தண்ணீர் ஊற்றினாலே வண்டி ஓடும்’ என்ற வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து அதில் வண்டியை ஓட்டலாம் என்பதுதான் அந்தப் பேச்சு. முன்பணம் அனுப்புவதற்குள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஹைட்ரஜன் கார் பட்ட கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

டொயோட்டாவின் ‘மிராய்’ ஹைட்ரஜன் கார் அங்கே 2015-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 15,000 டாலர் வரை எரிபொருள் இலவசம் என்றதும் பலர் ஆசையாக வாங்கினார்கள். 2023-ல் ஒரு கிலோ ஹைட்ரஜன் 36 டாலரைத் தொட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,000 ரூபாய்! அதில் கார் ஓடுவது 100 கிலோமீட்டர் சொச்சம்தான். 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அந்த மாநிலத்தில் கார்களுக்கு வைத்திருந்த ஹைட்ரஜன் பங்க்குகளை ஒரேயடியாக மூடியது. கார் வாசலில் நிற்கிறது, நிரப்ப இடம் தேடி அலைய வேண்டும். விற்கப்போனால் அடிமாட்டு விலை.

பணக்கார நாட்டிலேயே ஏன் இந்தக் கதி? கச்சா எண்ணெய் மண்ணுக்கடியில் கிடக்கிறது, எடுத்துச் சுத்திகரித்தால் போதும். ஹைட்ரஜனை நாம்தான் தயாரிக்க வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அந்த ஹைட்ரஜனை அழுத்தி, காரில் அடைத்து, மறுபடி மின்சாரமாக்கும்போது சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் முக்கால் பங்கு தேறும்.

சேமிப்பது இன்னொரு தலைவலி. முதல் மிராயில் வெறும் 5 கிலோ வாயுவை அடைக்க 80 கிலோவுக்கு மேல் எடையுள்ள தொட்டிகள் தேவைப்பட்டன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! புகையில்லா எரிபொருள் என்கிறார்களே, அதுவும் பாதி உண்மைதான். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது.

நிஜக் காருக்கே இந்த நிலை என்றால், ‘பானட்டுக்குள் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் கிட் மாட்டினால் மைலேஜ் இரட்டிப்பு’ என்கிற விற்பனையை என்ன சொல்வது? அந்தக் கிட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? உங்கள் எஞ்சினில் எரியும் பெட்ரோலிலிருந்துதான்! நூறு ரூபாய் கொடுத்துச் சில்லறை மாற்றி முப்பது ரூபாய் வாங்குவது போல.

பணம் போவதோடு முடியாது. ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அந்தச் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும்.

அதற்காக ஹைட்ரஜனே வீண் என்றில்லை. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் தயாராகும் ‘பசுமை ஹைட்ரஜனுக்காக’ மத்திய அரசு 2023-ல் 19,744 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தூத்துக்குடி துறைமுகத்திலும் அதற்கான வேலை நடக்கிறது. உரம், சுத்திகரிப்பு ஆலை, உருக்கு, கப்பல் போன்ற துறைகளுக்கு அது தேவைதான். ஆனால், அந்தச் செய்தியையே தூண்டில் புழுவாக்கி ‘டீலர்ஷிப் எடுங்கள், பங்கு போடுங்கள்’ என்று வருபவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

வந்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “ஒரு கிலோ ஹைட்ரஜன் நம்ம ஊரில் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்?” அவர் பேச்சை மாற்றினால், நீங்கள் கதவைச் சாத்தலாம்.