வீட்டுத் தரை: பளபளப்பைப் பார்க்கும் முன் பாதத்தைப் பாருங்கள்

என் பாட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து லயத்து வீட்டின் சிமெண்டுத் தரையில் நடந்தவர். அந்தத் தரையில் வெடிப்பு இருந்தது, ஆங்காங்கே பள்ளம் இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அதன்மேல் பூப்போட்ட புதுத் திக்கார் விரிப்பார்கள். ஒருநாளும் அவர் அங்கே வழுக்கி விழுந்ததில்லை.

மாமா தாமானில் வீடு வாங்கி, பாட்டியை அழைத்து வந்த நான்காவது மாதம், குசினியிலிருந்து தண்ணீர்ச் செம்போடு ஹாலுக்கு வந்தவர் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. வாசல் முதல் குளியலறை வரை கண்ணாடி போல் மின்னும் ஒரே வெள்ளை டைல்ஸ். கடையில் அதைத் தேர்ந்தெடுத்தபோது "அழகாக இருக்கிறது" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நம்மில் பலர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரை போடுகிறோம். சேமநிதிப் பணமும் கூட்டுப் பணமும் அதில் போகிறது. ஆனால், கடையில் விளக்கு வெளிச்சத்தில் எது மின்னுகிறதோ அதைத்தான் கை காட்டுகிறோம். உண்மையில் தரையை வீட்டிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் நின்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும். இங்கே தண்ணீர் படுமா? எண்ணெய், மஞ்சள், புளி சிந்துமா? இங்கே அதிகம் நடப்பவர் யார்?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம்

கடையில் எல்லாவற்றுக்கும் டைல்ஸ் என்ற ஒரே பெயர்தான். ஆனால், செராமிக் வேறு, போர்சலின் வேறு. போர்சலின் அதிக வெப்பத்தில் சுடப்பட்டு இறுகியது. அது தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சுவருக்கான செராமிக் டைல்ஸ் 10 விழுக்காட்டுக்கு மேலும் உறிஞ்சும். விலை குறைவு என்று சுவர் டைல்ஸைத் தரையில் பதித்தால் நாளடைவில் கீறல் விழும், விளிம்பு உடையும். பெட்டியில் அது சுவருக்கா, தரைக்கா என்று பார்ப்பதோடு சிரிம் சான்று உள்ளதா என்றும் கேளுங்கள்.

மரம் போலத் தோன்றும் பலகைகளிலும் இரண்டு வகை உண்டு. லேமினேட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் உள்ளே இறங்கினால் ஊதிவிடும். திரும்பப் பழைய நிலைக்கு வராது. எஸ்பிசி வினைல் என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. தண்ணீரில் ஊறாது, கரையானும் அரிக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வழுக்கும் தன்மைக்கும் அளவீடு உண்டு. ஆர்9 முதல் ஆர்13 வரை குறிப்பார்கள்; எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஆனால், அது எண்ணெய் தடவிய சரிவில் காலணியோடு நடந்து பார்க்கும் சோதனை. நாமோ வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை. அதனால், கடையில் ஒரு மாதிரி டைலைத் தரையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. பணம் நம்முடையது, காலும் நம்முடையது.

குளியலறை: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

வீட்டிலேயே ஆபத்தான இடம் இதுதான். பளபளப்பு இல்லாத, சற்றுச் சொரசொரப்பான போர்சலின் டைல்ஸைப் போடுங்கள். ஆர்10 அல்லது ஆர்11 பொருத்தமாக இருக்கும். பெரிய டைல்ஸைவிட ஓர் அடி அல்லது அதற்கும் சிறியவை நல்லது. இடைவெளிக் கோடுகள் அதிகமாவதால் பாதத்துக்குப் பிடி கிடைக்கும். தண்ணீர் போகும் துளையை நோக்கிச் சரிவு கொடுப்பதும் எளிது.

சுவரும் தரையும் ஒரே வெள்ளையாக இருந்தால் பார்வை மங்கியவர்களுக்குப் படி தெரியாது. தரை ஒரு நிறம் அடர்த்தியாக இருக்கட்டும்.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்பது தவறான எண்ணம். தண்ணீரைத் தடுப்பது அதன் கீழே பூசும் நீர்க்காப்புப் பூச்சுதான். பூச்சு காய்ந்த பிறகு துளையை அடைத்து, ஒரு நாள் முழுதும் தண்ணீர் தேக்கிப் பார்த்த பின்னரே டைல்ஸ் பதிக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கீழ்வீட்டு உட்கூரையில் ஈரம் கசிந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை மேல்வீட்டில்தான் குறை என்று 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழுள்ள விதிமுறைகள் கருதுகின்றன.

குசினி: நம் சமையலுக்கு ஏற்ற தரை

நம் குசினியில் தாளிக்கும் எண்ணெய் தெறிக்கும், மஞ்சள் கொட்டும், புளித்தண்ணீர் சிந்தும். மார்பிள் இங்கே ஆகாது. மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் அமிலம் பட்ட இடத்தில் பளபளப்பு போய் வெளிறிய தழும்பு விழும். துடைத்தாலும் போகாது.

மேற்பூச்சுள்ள, பளபளப்பு குறைந்த போர்சலின் குசினிக்கு ஏற்றது. மிகச் சொரசொரப்பானதை எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு பள்ளங்களில் தங்கி, தேய்த்தே கை ஓய்ந்துவிடும். டைல்ஸ் இடைவெளியை நிரப்பும் சிமெண்டுக் கலவை வெள்ளையாக இருந்தால், ஆறே மாதத்தில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறம் போதும். வசதி இருந்தால் எப்பாக்சிக் கலவை போடலாம். அதில் கறை எளிதில் இறங்காது. கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தையும் விட வேண்டும். ஆசிட் முதலில் தின்பது அந்தச் சிமெண்டுக் கோடுகளைத்தான்.

ஹாலும் சாமி மேடையும்

ஹாலில் தண்ணீர் குறைவு என்பதால் இங்கே கொஞ்சம் பளபளப்பு இருக்கலாம். ஆனால், வயதானவர்களும் தவழும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அரைப் பளபளப்பே நல்லது. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் ஹாலைப் பெரிதாகக் காட்டும்.

சாமி மேடைக்குத் தனித் தரை தேவையில்லை. ஹாலின் டைல்ஸையே தொடரலாம். விளக்கு எண்ணெயும் குங்குமமும் அங்கே சொட்டும் என்பதால் விளக்கின் கீழ் ஒரு தட்டு வைத்தால் போதும். சாமி கும்பிட விழுந்து எழும் இடத்தில் எண்ணெய் இருந்தால் யாராயினும் வழுக்குவார்கள்.

படுக்கையறை

வினைல் பலகை இங்கே நன்றாகப் பொருந்தும். காலையில் கால் வைக்கும்போது டைல்ஸ் அளவுக்குச் சில்லென்று இருக்காது. ஆனால், பழைய தரைவீடுகளில் மண்ணின் ஈரம் சிமெண்டு வழியே மேலேறும். திக்காரைத் தூக்கும்போது அடியில் கறுப்புப் பூசணம் பார்த்திருப்போம்; காரணம் அதுதான். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு புறமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விடுங்கள். பிறகு அடியில் நீர்த்துளியோ, சிமெண்டு கறுத்தோ இருந்தால் அந்தத் தரைக்கு வினைல் வேண்டாம், டைல்ஸே நல்லது.

வினைல் பலகைகள் வெயிலில் விரியும். சுவரோரம் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதை அடிப்பட்டை மறைத்துவிடும்.

வெள்ளம் புகும் பகுதியில் இருப்பவர்கள் கீழ்த்தளத்தில் லேமினேட்டை நினைக்கவே வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நுழைந்தது போன்ற வெள்ளம் வந்தால், டைல்ஸ் தரையைச் சேறு கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஊதிய பலகையைப் பெயர்த்து எறியத்தான் வேண்டும். எஸ்பிசி ஊறாவிட்டாலும் அதன் அடியில் சேற்றுத் தண்ணீர் தங்கும் என்பதால் கழற்றிக் காய வைக்க வேண்டிவரும்.

வாசலும் கார் நிறுத்துமிடமும்

மழையும் வெயிலும் படும் இடம். வீட்டில் உள்ளதிலேயே மிகச் சொரசொரப்பான, தடித்த டைல்ஸ் இங்கேதான் வர வேண்டும். நிறம் சற்று அடர்த்தியாக இருந்தால் டயர் கறை தெரியாது. மார்கழியிலும் பொங்கலிலும் போடும் கோலமும் எடுப்பாகத் தெரியும்.

வீடு ஒன்றுபோல் தெரிய என்ன செய்வது?

அறைக்கு அறை வேறு தரை என்றால் வீடு கடைக் கண்காட்சி போல் ஆகிவிடாதா என்று கேட்கலாம். மாறவேண்டியது சொரசொரப்புதான், நிறம் ஒரே குடும்பமாக இருக்கட்டும். ஒரு மணல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், ஹாலில் அதன் அரைப் பளபளப்பு, குசினியில் பளபளப்பற்றது, குளியலறையில் அதையே சிறிய அளவில், இன்னும் சொரசொரப்பாக, ஒரு படி அடர்த்தியாக. பல டைல்ஸ் வரிசைகள் ஒரே நிறத்தில் இரண்டு மூன்று மேற்பரப்புகளில் கிடைக்கின்றன. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

சுமார் 700 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் ஹால், நடைவழி, சாமி மேடை மூன்றுக்கும் ஒரே டைல்ஸ் இடைவெட்டில்லாமல் ஓடினால் வீடு விரிந்து தெரியும். மொத்த வீட்டிலும் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். ஒரு தரை முடிந்து மற்றொன்று தொடங்கும் கோடு, கதவு மூடியிருக்கும்போது கதவின் நேர் அடியில் இருக்க வேண்டும். அறைகளுக்கு நடுவே மட்டம் ஒன்றாக இருப்பதும் முக்கியம். அரை அங்குல மேடும் முதியவர் காலை இடறும்.

பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டலாமா? தட்டிப் பார்த்து உறுதியாக இருந்தால் ஒட்டலாம். ஆனால், தரை உயரும். கதவின் அடியை அறுக்க வேண்டிவரும். குளியலறைக்குள் மட்டும் ஒட்டினால் அறைக்கும் அதற்கும் உள்ள இறக்கம் குறைந்து தண்ணீர் வெளியே ஓடிவரும்.

வாங்கும்போது போடும் கணக்கு

12 அடிக்கு 15 அடி ஹால் என்றால் 180 சதுர அடி. வெட்டுவதிலும் உடைவதிலும் போவதற்கு 10 விழுக்காடு சேர்த்தால் 198 சதுர அடி. நான்கு டைல்ஸ் கொண்ட 600 மில்லிமீட்டர் பெட்டி ஒன்று 15.5 சதுர அடியை நிரப்பும். ஆக, 13 பெட்டிகள் தேவை. எல்லாப் பெட்டிகளிலும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குறைகிறதே என்று வாங்கினால் நிறம் மாறியிருக்கும். வேலை முடிந்ததும் மிச்சமாகும் டைல்ஸை எறியாமல் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒன்று உடைந்தால் உதவும்.

குத்தகைக்காரரிடம் கொட்டேஷனை எழுத்தில் கேளுங்கள். பழைய தரையை உடைப்பது, குப்பையை அள்ளுவது, சிமெண்டும் மணலும், நீர்க்காப்புப் பூச்சு, அடிப்பட்டை எல்லாம் அதில் அடங்குமா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். டைல்ஸ் நடுவே 2 மில்லிமீட்டராவது இடைவெளியும் சுவரோரம் விரிய இடமும் விடச் சொல்லுங்கள். ஒட்டி ஒட்டிப் பதித்த தரைதான் ஒருநாள் திடீரென்று வெடித்து எழும்பும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஐம்பது காசால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே நடங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று பொருள்.

தரையை மாற்ற வசதி இல்லையா?

மொத்தத்தையும் உடைக்க முடியாதவர்கள் குளியலறையையும் குசினியையும் மட்டும் மாற்றலாம். அதுவும் இயலாவிட்டால் ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடியைக் குளியலறை வாசலில் போடுங்கள். பழைய துணியை மிதியடியாக்குவது வழுக்கலைக் கூட்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தலாம். தரை துடைக்கும் சோப்பை அளவோடு ஊற்றி, நல்ல தண்ணீரால் மீண்டும் துடையுங்கள். பாதி வழுக்கல் காய்ந்துபோன சோப்புப் படலத்தால் வருவது.

மாமா வீட்டில் அப்படித்தான் செய்தோம். குளியலறையும் குசினியும் சொரசொரப்பான மணல் நிறத்துக்கு மாறின. ஹாலில் இன்னும் அதே வெள்ளை டைல்ஸ்தான். குசினி வாசலில் ரப்பர் மிதியடி கிடக்கிறது. பாட்டி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். புது டைல்ஸில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவர் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம லயத்துத் தரை மாதிரி இருக்கு" என்றார்.

கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு மூத்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். முதலில் அவர் காலை வைத்துப் பார்க்கட்டும்.