தேனீப் பெட்டியிலிருந்து ஒரு சிற்பம், பூச்சிகளுக்காக ஒரு தோட்டம்

லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில், காட்டுப்பூக்கள் வளர்ந்த புல்வெளியின் நடுவே 'தி ஹைவ்' என்னும் சிற்பம் நிற்கிறது. உயரம் 17 மீட்டர், எடை ஏறத்தாழ 40 டன். சுமார் 1,70,000 அலுமினியத் துண்டுகளை அடுக்கடுக்காகக் கோத்து இதைக் கட்டியிருக்கிறார்கள். பறந்துகொண்டிருந்த தேனீக்கூட்டம் அந்தரத்தில் உறைந்துவிட்டதுபோல் தூரத்திலிருந்து தெரியும். உள்ளே போனால் தலைக்கு மேல் ஆயிரம் சிறு விளக்குகள். அவை ஒரே சீராக எரிவதில்லை. திடீரென்று கூடும், மெல்ல மங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை முடிவு செய்பவை அதே பூங்காவில் ஒரு பெட்டிக்குள் வாழும் தேனீக்கள்.

சிற்பத்தை வடிவமைத்தவர் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த கலைஞர் வுல்ப்காங் பட்ரஸ். இத்தாலியின் மிலான் நகரில் 2015-இல் நடந்த உலகக் கண்காட்சியில் பிரிட்டனின் அரங்காக இது முதலில் எழுந்தது. உலகத்துக்கு உணவளிப்பதுதான் அந்தக் கண்காட்சியின் பொருள். பல நாடுகள் விளைச்சலைக் காட்ட, பிரிட்டன் விளைச்சலுக்கு முந்தைய கட்டத்தை எடுத்துக்கொண்டது. உலகின் முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, முழுதாகவோ ஓரளவோ, மகரந்தச் சேர்க்கைக்கு உயிரினங்களை நம்பியிருப்பவை. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்குக் காற்றோ தன் மகரந்தமோ போதும். காய், கனி, காபி, கோகோ என்று வரும்போதுதான் பூச்சிகளின் தயவு தேவைப்படுகிறது. கண்காட்சி முடிந்ததும் சிற்பத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து, 2016 ஜூன் மாதம் கியூவில் மறுபடி பூட்டினார்கள்.

இதன் வேர் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் மார்ட்டின் பென்சிக், அதிர்வை அளக்கும் சிறு கருவிகளைத் தேனடைக்குள் பதித்துப் பல ஆண்டுகளாகத் தேனீக்களைக் கவனித்துவருபவர். கூட்டுக்குள் எப்போதும் இருட்டு. அங்கே பார்வையால் பயனில்லை. தொடுதல், வாசனை, அதிர்வு இவைதான் பேச்சு. ஒரு தேனீ உடலை உதறினால் அந்த நடுக்கம் மெழுகு அடை வழியாகப் பரவும். மற்றவை அதைக் கால்களால் உணரும். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கிளம்பப்போவதை அதிர்வின் போக்கை வைத்தே முன்கூட்டி அறியலாம் என்று பென்சிக் குழு காட்டியது. மிலானில் சிற்பம் நின்றபோது நாட்டிங்காமில் இருந்த ஒரு கூட்டின் அதிர்வுகள் அங்கே நேரடியாகப் போய்ச் சேர்ந்தன. கியூவில் பூங்காவின் சொந்தப் பெட்டியே அந்த வேலையைச் செய்கிறது.

இசையும் கூட்டிலிருந்தே பிறந்தது. தேனீக்களின் ரீங்காரம் மேற்கத்திய இசையின் 'சி' சுருதியை ஒட்டி அமைந்திருப்பதைக் கண்டு, அந்த நேரடி ஒலியைக் கேட்டபடியே அதே சுருதியில் செல்லோ வாசித்தார்கள். குரலும் பிற கருவிகளும் பின்னர் சேர்ந்தன. பெட்டியில் சுறுசுறுப்பு கூடும்போது சிற்பத்துக்குள் விளக்கோடு ஒலியும் எழும்பும்.

இத்தனை பிரம்மாண்டத்திலும் மனத்தில் நிற்பது கீழ்த்தளத்தில் உள்ள ஒரு சின்ன ஏற்பாடு. பார்வையாளர் ஒரு மெல்லிய மரக்குச்சியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, அதன் மறுமுனையை ஒரு துளையில் வைக்கிறார். காதைப் பொத்திக்கொண்டால் இன்னும் நல்லது. அதிர்வு பல் வழியே மண்டையோட்டில் ஏறி உட்காதை எட்டுகிறது. அப்படி உணரக் கிடைப்பவை தேனீக்களின் நான்கு வகைச் சைகைகள். ஒன்று, பூ இருக்கும் திசையையும் தொலைவையும் சொல்லும் ஆட்டம். இதன் பொருளைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்னொன்று, ஒரு தேனீ மற்றொன்றிடம் உணவு கேட்கும் சைகை.

மீதி இரண்டும் ராணிகளுடையவை. தான் வளர்ந்த மெழுகு அறையை விட்டு வெளியே வந்துவிட்ட இளம் ராணி ஊதல்போல ஒலியெழுப்பும். இன்னும் அறைக்குள் அடைபட்டிருக்கும் ராணிகள் வாத்துபோலக் கத்திப் பதில் தரும். இது ராணிகளுக்குள் நடக்கும் சவால் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 2020-இல் பென்சிக்கின் குழு வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஊதல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வேலைக்காரத் தேனீக்கள் மற்ற ராணிகளை வெளியே விடுவதில்லை. ஊதிய ராணி ஒரு கூட்டத்தோடு பறந்து போனதும் ஊதல் நிற்கிறது. அடுத்த ராணிக்குக் கதவு திறக்கிறது.

தேனீயைக் கொண்டாடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. வளர்ப்புத் தேனீ ஒன்றும் அழிவின் விளிம்பில் இருக்கும் பூச்சியல்ல. மனிதன் பெட்டி வைத்துப் பேணும் கால்நடை என்றே அதைச் சொல்லலாம். உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மண்ணிலும் தண்டுப் பொந்திலும் தனியே கூடுகட்டுபவை. தேன் சேமிப்பதில்லை, யாரும் வளர்ப்பதும் இல்லை. லண்டனில் மாடிதோறும் தேனீப் பெட்டிகள் பெருகினால் இருக்கிற பூக்களுக்குப் போட்டி கூடி, காட்டுத் தேனீக்கள் பட்டினி கிடக்கும் என்று 2020-இல் எச்சரித்தவர்கள் வேறு யாருமல்ல, கியூவின் விஞ்ஞானிகளே. தேவை பெட்டியல்ல, பூ என்பது அவர்கள் வாதம்.

அந்தப் பூவைக் கையில் எடுத்தவர் கலைஞர் அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பர்க். பூச்சிகளைப் பற்றி ஒரு கலைப்படைப்பு கேட்டு இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஈடன் புராஜெக்ட் என்னும் தாவரப் பூங்கா அவரை அணுகியது. அவர் பூச்சிகளுக்கான படைப்பைத் தந்தார். 'பாலினேட்டர் பாத்மேக்கர்' என்று பெயர். எந்தச் செடியை எங்கே நடுவது என்பதைக் கணினி நிரல் ஒன்று தீர்மானிக்கிறது. அழகு, நிறப்பொருத்தம் போன்ற தோட்டக்காரரின் ரசனைக்கு அதில் இடமில்லை. எத்தனை வகைப் பூச்சிகளுக்கு இத்தோட்டம் உதவும் என்பது ஒன்றே கணக்கு. ஆண்டு முழுவதும் ஏதாவது பூத்திருக்க வேண்டும். நீண்ட நாக்குடைய பூச்சிக்குக் குழல்பூ, குட்டை நாக்குடையதற்குத் திறந்த பூ. பழகிய பாதையில் பூவுக்குப் பூ வரிசையாகப் போகும் தேனீக்கும், கண்டபடி அலையும் வண்டுக்கும் வேறு வேறு அமைப்பு.

ஈடனில் உருவான முதல் தோட்டம் 55 மீட்டர் நீளம். அடுத்து 2022-இல் லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸிலும், 2023-இல் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முன்றிலிலும் இதன் வேறு பதிப்புகள் நடப்பட்டன. மனிதக் கண்ணுக்கு இவை சற்றுக் குழப்பமாகவே தோன்றக்கூடும். உயரமும் குட்டையும் கலந்து, நிறங்கள் முட்டி மோதி நிற்கும். பூச்சியின் பார்வையோ வேறு. தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. ஆனால் நமக்குப் புலப்படாத புற ஊதா ஒளி தெரியும். நமக்கு வெறும் மஞ்சளாகத் தோன்றும் பல பூக்களில் தேனுக்கு வழிகாட்டும் கோடுகள் அந்த ஒளியில்தான் தென்படும்.

இத்திட்டத்தின் இணையக் கருவி இலவசம். தோட்டத்தின் அளவு, மண், வெயில் ஆகிய விவரங்களைத் தந்தால் நடவு வரைபடமும் செடிப்பட்டியலும் கிடைக்கும். தோட்டம் பூச்சியின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதையும் திரையில் மாற்றிப் பார்க்கலாம். பட்டியல் முதலில் வட ஐரோப்பியத் தட்பவெப்பத்துக்காகத் தொகுக்கப்பட்டது என்பதால் வெப்ப நாடுகளில் அதை அப்படியே நட முடியாது. பூக்கும் காலத்தையும் பூவின் வடிவத்தையும் பூச்சியின் நடமாட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு அந்தத் தடை இல்லை. உள்ளூர்ச் செடிகளின் விவரம் இருந்தால் எந்த நிலத்துக்கும் அது பொருந்தும்.