கடன் அட்டையின் வரம்பைக் குறைத்தால் மதிப்பு உயருமா?



தோட்டத்துக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மேலட்டையில் 555 என்று அச்சிட்ட சிறிய புத்தகம். அதிலே அரிசி, பருப்பு, கருவாடு என்று வரிசையாகக் கணக்கு. சம்பள நாளில் கடைக்காரர் கூட்டிச் சொல்வார், நாம் கட்டுவோம். ஒழுங்காகக் கட்டுகிறவரை, "நாணயமான ஆள்" என்பார். அந்த ஒரு சொல்லே நமக்குப் பிணை.

இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பையில் அந்தப் புத்தகத்துக்குப் பதிலாகக் கடன் அட்டை இருக்கிறது. நாணயத்தை எடை போடுவதும் இப்போது கடைக்காரர் அல்லர், கணினி. அந்தக் கணினி எப்படி எடை போடுகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தகப்பனார் பால்மரம் வெட்டுகிறவர். விரைவில் ஓய்வு பெறப் போகிறார். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனுக்கு மாதச் சம்பளம் 2,000 வெள்ளி. சிறியதாக ஒரு வீடு வாங்க, வங்கிக் கடனுக்கு மனுச் செய்ய நினைக்கிறான். அவனிடம் ஒரு கடன் அட்டை உண்டு. அதன் வரம்பு 4,000 வெள்ளி. இன்றைய பாக்கி 1,000 வெள்ளி.

தகப்பனார் சொல்கிறார்: "தம்பி, நாலாயிரத்துக்குக் கதவைத் திறந்து வச்சிருக்க. வீட்டுக் கடன் கொடுக்கிறவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? பேங்குக்குப் போயி ரெண்டாயிரமா குறைச்சிட்டு வா. நல்ல பேரு கிடைக்கும்."

மகன் சொல்கிறான்: "செஞ்சு பார்த்துடுவோம்ப்பா. மதிப்பெண் ஏறுதா, இறங்குதான்னு தெரிஞ்சிடும்."

தகப்பனார் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் முடிவு செய்வதற்கு முன், கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மலேசியாவில் பேங்க் நெகாரா 2001-ஆம் ஆண்டு முதல் சிசிரிஸ் என்னும் பதிவு முறையை நடத்தி வருகிறது. நாம் எந்த வங்கியில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறோம், அட்டையின் வரம்பு என்ன, கடந்த 12 மாதங்களில் எந்த மாதம் தவணை தவறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். சிசிரிஸ் மதிப்பெண் போடுவதில்லை. உள்ளதை உள்ளபடி காட்டும். மதிப்பெண் போடுவது சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள். சிடோஸ் மதிப்பெண் 300-இல் தொடங்கி 850 வரை போகும். எண் கூடக் கூட நல்லது.

அந்த மதிப்பெண்ணில் எதற்கு எவ்வளவு பங்கு? காலத்தில் பணம் கட்டுவதற்கு 45 விழுக்காடு. வாங்கியிருக்கும் கடன் அளவுக்கு 20 விழுக்காடு. மீதி, புதிதாகக் கேட்ட கடன்கள், கடன்களின் வகை, எத்தனை காலமாகக் கடன் கணக்கு இருக்கிறது என்பவற்றுக்கு. அட்டையின் வரம்பு அந்த 20 விழுக்காட்டுப் பகுதிக்குள்தான் வருகிறது. அங்கே வெறும் வரம்பைப் பார்ப்பதில்லை. வரம்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதையும் பார்க்கிறார்கள்.

மறுபடியும் கடைக்கே போவோம். இரண்டு குடும்பங்களுக்கும் 100 வெள்ளி வரை பற்று உண்டு. ஒரு குடும்பம் 25 வெள்ளிக்கு வாங்குகிறது. மற்றது 95 வெள்ளிக்கு வாங்குகிறது. மாதக் கடைசியில் இன்னொரு மூட்டை அரிசி கேட்டால் கடைக்காரர் யாருக்குத் தயங்குவார்? 95 வெள்ளிக் குடும்பத்துக்குத்தான். கை இறுகிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது முதல் குடும்பத்துத் தாயார் போய், "முதலாளி, எங்களுக்கு 30 வெள்ளிக்கு மேல் பற்று வேண்டாம்" என்று சொல்கிறார். கடைக்காரர் மனிதர், "அடக்கமான குடும்பம்" என்று மெச்சுவார். கணினிக்கு அது தெரியாது. முப்பதில் இருபத்தைந்து போய்விட்டது என்று மட்டுமே அது காணும்.

நம் மகனின் கணக்கும் அப்படித்தான். 4,000 வெள்ளி வரம்பில் 1,000 வெள்ளி பாக்கி என்றால் 25 விழுக்காடு. வரம்பை 2,000 ஆக்கினால், ஒரு காசு கூடுதலாகச் செலவு செய்யாமலே அது 50 விழுக்காடு ஆகிவிடும். மதிப்பெண் ஏறுவதற்குப் பதிலாக இறங்கத்தான் வழியுண்டு. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வார்கள். மாறாக, பாக்கியை 400 வெள்ளியாகக் குறைத்துவிட்டு வரம்பை 2,000 ஆக்கினால், அது 20 விழுக்காடுதான். பழைய நிலையைவிட மேல். ஆகவே முதலில் குறைய வேண்டியது பாக்கி, வரம்பு பிறகு.

சோதித்துப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். ஆனால் முறையாகப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை மரத்துக்கு மட்டும் புதிய உரம் வைத்தால்தான் பலன் உரத்தாலா, மழையாலா என்று தெரியும். அதுபோல, முதலில் அறிக்கையை எடுத்து மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிறகு வரம்பை மாற்றச் சொல்லுங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். புதுக் கடன் கேட்காதீர்கள், செலவையும் கூட்டாதீர்கள். வங்கிகள் மாதந்தோறும் விவரம் அனுப்புவதால், இரண்டு மாதம் கழித்து மறுபடி அறிக்கை எடுத்து ஒப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வீட்டுக் கடனுக்கு மனுச் செய்யப் போகும் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். குறைத்த வரம்பை மீண்டும் கூட்ட நினைத்தால் வங்கி நம் வருமானத்தைப் பார்த்து முடிவு செய்யும். கேட்டவுடன் கிடைக்கும் என்று எண்ண முடியாது.

அப்படியானால் தகப்பனார் சொன்னது முழுவதும் தவறா? இல்லை. மதிப்பெண் விஷயத்தில்தான் அவர் கணக்குத் தவறியது. குடும்ப விஷயத்தில் அவர் பேச்சு சரி. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு ஒரு வங்கி கொடுக்கக்கூடிய வரம்பு இரண்டு மாதச் சம்பளம். இரண்டு வங்கிகளிடம் அட்டை வைத்துக்கொள்ளலாம். கூட்டிப் பாருங்கள், நான்கு மாதச் சம்பளம் கடனாகிவிடலாம்! கை நீளுகிறது என்று தெரிந்தவர்கள், மதிப்பெண் சற்று இறங்கினாலும் வரம்பைக் குறைத்துக்கொள்வதே புத்தி. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பாக்கி 1,000 வெள்ளி. அதில் நூற்றுக்கு 5 வீதம் கட்ட வேண்டியது 50 வெள்ளி. ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் ஒரு மாத வட்டியே ஏறத்தாழ 15 வெள்ளி. அசலில் கழிவது 35 வெள்ளிதான். 12 மாதமும் தவறாமல் கட்டி வருபவருக்கு வட்டி 15 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்ற சலுகையும் உண்டு. தவணை தவறினால் அது 12 மாதம் சிசிரிஸில் தெரியும். வரம்பும் பாக்கியும் மாதத்துக்கு மாதம் மாறும். தவறிய தவணையின் கறை அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஆகவே அந்த மகன் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பாக்கியை அடைக்கட்டும். ஒரு தவணையும் தவற வேண்டாம். வீட்டுக் கடன் கைக்கு வந்த பிறகு, அப்பாவின் பேச்சைக் கேட்டு வரம்பைக் குறைக்கட்டும். கடன் தலைக்கு மேலே போய்விட்டவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. வட்டிக்கு விடுபவரிடம் போகுமுன் அங்கே போங்கள்.

இன்றிரவு உங்கள் பிள்ளை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், "அட்டையின் வரம்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.