சைக்கிள் ஏற வெட்கம் எதற்கு?

நாம் இந்த மண்ணுக்கு வந்த கதையில் சைக்கிளுக்கும் ஒரு பங்குண்டு. அதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து மாட்டினார். அதே ஆண்டில்தான் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரத்தைப் பாழாக்காமல் திரும்பத் திரும்பப் பால் வெட்டும் முறையை வகுத்தவர் அவரே. முதலில் சைக்கிள் டயர் கேட்டது. பிறகு மோட்டார் கார் அதைவிட அதிகமாகக் கேட்டது. கித்தாக் காடுகள் பெருகின. அங்கே பால் வெட்ட நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறினர்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் மூன்று சைக்கிள்கள் உள்ளன. ஒன்று, பால் தோம்பு சுமந்து கேரியர் வளைந்துபோன பழைய கறுப்பு வண்டி. இன்னொன்று, மேட்டில் ஏற உதவும் கியர் வண்டி. இன்றும் கடைக்கும் கோயிலுக்கும் அதில்தான் போய் வருகிறார். மூன்றாவது, பேத்திக்கு வாங்கிக் கொடுத்தது. அதுதான் ஓடாமல் நிற்கிறது. "தோழிகள் சிரிப்பார்கள், தாத்தா" என்கிறாளாம் பேத்தி.

சிரிக்க என்ன இருக்கிறது? மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கச் செலவாகும் உடற்சக்தியைக் கொண்டே, சமதரையில் சைக்கிளில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போகலாம். 2 கிலோமீட்டரில் இருக்கும் கடைக்கு எட்டே நிமிடம்! பெட்ரோல் இல்லை, மாதத் தவணை இல்லை. கால்களுக்கும் இதயத்திற்கும் நல்ல பயிற்சி.

"பெரிய சாலையில் லாரி பறக்கிறதே, டீச்சர்!" என்று தாய்மார் அஞ்சுவது நியாயமே. ஆகவே பிள்ளைகளை முதலில் தோட்டச் சாலையில் பழக்குங்கள். இடப்பக்கமே ஓட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும். புறப்படுமுன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மழையில் நனைந்தால் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள்.

பெற்றோரே, சைக்கிளை ஏழ்மையின் அடையாளம் என்று பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள். வெட்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள். அடுத்த முறை சீனி வாங்கவோ மருந்து வாங்கவோ நீங்களே மிதித்துப் போய் வாருங்கள். பார்த்திருக்கும் பிள்ளை, மறுநாள் தானே சாவியைக் கேட்கும்.