கயிறு இழுக்கும், நிறுத்துமா?

பழுதாகி நின்றுவிட்ட ஒரு காரைப் பழைய பிக்கப் வண்டி ஒன்று கயிறு கட்டி இழுத்துச் செல்லும் காட்சி தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பகுதி மக்களுக்குப் புதிதன்று. மழைக்காலம் வந்துவிட்டால் இக்காட்சி பெருகிவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாற்று நீர் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் புகுந்தபோது எத்தனையோ ஊர்திகள் நீரில் மூழ்கி நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர்ப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு அந்த ஊர்திகளைப் பட்டறைக்குக் கொண்டுசெல்லக் கைகொடுப்பவை பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் நிற்கும் பழைய சுமை வண்டிகளே.

"இருபது ஆண்டு உழைத்த வண்டியாயிற்றே, இன்னொரு வண்டியை இழுக்குமா?" என்று பலர் கேட்பதுண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. "இழுத்துச் செல்வதைப் பத்திரமாக நிறுத்த முடியுமா?" என்பதே சரியான கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

இப்பகுதிக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களையும் 'ஸ்டாண்டர்டு 20' என்னும் வேனையும் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் அருகே 1980-களின் பிற்பகுதிவரை இயங்கியது. 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. பொறியியற் கல்லூரி, தொடக்கத்திலேயே மோட்டார் ஊர்திப் பொறியியலுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தது. ஆகவே இங்குள்ள மாணவர்களுக்கு இந்தக் கணக்கு சொந்த ஊர்க் கணக்கு எனலாம்.

இழுக்க எவ்வளவு விசை வேண்டும்?

1,000 கிலோ நிறையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில், சமதளத்தில், அதை ஒரே வேகத்தில் உருட்டிச் செல்ல அதன் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றரைப் பங்கு விசை போதும். அதாவது சுமார் 150 நியூட்டன். 15 கிலோ எடையைத் தூக்கும் விசைதான். நின்றுபோன காரை இரண்டு பேர் தள்ளிச் சாலையோரம் சேர்ப்பது இதனால்தான் முடிகிறது.

இதே காரை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க எவ்வளவு திறன் வேண்டும்? 24 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 6.67 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1,000 வாட் கிடைக்கும். சுமார் ஒன்றேகால் குதிரைத்திறன்! இருப்புப்பாதையைக் கடக்கும் மேம்பாலம் ஒன்றில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றமானால் மேலும் 490 நியூட்டன் தேவைப்படும். அப்போதும் காருக்காகச் செலவாகும் திறன் 6 குதிரைத்திறனைத் தாண்டாது. எவ்வளவு தேய்ந்த பிக்கப் வண்டியின் எஞ்சினுக்கும் இது பெரிய சுமையன்று. எனவே இழுக்கும் ஆற்றலைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

கயிற்றின் குறை

இனி வண்டியை நிறுத்துவோம். பிக்கப் வண்டியின் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். அவருடைய வண்டியின் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காருக்கு என்ன ஆகிறது?

ஒன்றும் ஆவதில்லை. கயிறு இழுக்க மட்டுமே வல்லது; தள்ள வல்லதன்று. முன்வண்டி வேகம் குறைந்தவுடன் கயிறு தொய்ந்துவிடும். தொய்ந்த கயிற்றில் விசை இல்லை. புறவிசை இல்லாதவரை இயங்கும் பொருள் அதே வேகத்தில் இயங்கும் என்ற நியூட்டனின் முதல் விதிப்படி, பின்வரும் கார் தன் வேகத்திலேயே முன்னேறும். அதை நிறுத்தக்கூடியவர் ஒருவரே: அந்தக் காரின் உள்ளே அமர்ந்திருப்பவர். அவருடைய பிரேக் வேலை செய்தால் அவர் தப்பினார். இல்லையேல் அவருக்கு முன்னால் இருப்பது பிக்கப் வண்டியின் இரும்புப் பின்கதவு.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இக்காலக் கார்களில் பிரேக்கை மிதிக்கும் காலுக்குத் துணைபுரிய வெற்றிட உதவிக் கருவி இருக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் அந்த வெற்றிடம் உண்டாகும். எஞ்சின் ஓடாத காரில் ஓரிரு முறை மிதித்ததும் உதவி தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லைப்போல் இறுகும், பலமடங்கு வலுவுடன் மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பவும் அப்படியே. சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டு, திரும்பவே திரும்பாது.

ஐந்து மீட்டரும் 24 கிலோமீட்டரும்

1989-ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளில் இழுவைக் கயிற்றின் நீளம் 5 மீட்டருக்கு மேற்படலாகாது என்றும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் வகுத்திருந்தார்கள். இழுக்கப்படும் ஊர்தியில் உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியிருக்க வேண்டும். 2017-இல் புதிய ஓட்டுநர் விதிமுறைகள் அவற்றின் இடத்தில் வந்தன. ஆனால் பழைய எண்கள் இரண்டும் மாணவர்கள் போட்டுப் பார்க்கத் தக்க நல்ல கணக்கு.

முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டு, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க, விழிப்பான ஓட்டுநருக்கும் சுமார் முக்கால் வினாடி ஆகும். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் வினாடியில் கார் செல்லும் தொலைவு 6.67 × 0.75 = 5 மீட்டர். கயிற்றின் நீளமும் அதுவே! இரு வண்டிகளின் பிரேக்குகளும் சமமாக இருந்தாலும் இடைவெளி அத்தனையும் தீர்ந்து, மோதாமல் தொட்டு நிற்கும் நிலை இது. வேகம் 40 கிலோமீட்டரானால் அதே முக்கால் வினாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்திருக்கும். ஓட்டுநர் களைத்திருந்து ஒன்றரை வினாடி எடுத்தால் 24 கிலோமீட்டரிலேயே 10 மீட்டர்.

"கயிற்றை நீளமாக்கினால் என்ன?" என்று கேட்கலாம். நீண்ட கயிறு தரையில் புரளும், சக்கரத்தில் சிக்கும். இரு வண்டிக்கும் இடையே கயிறு இருப்பதை அறியாமல் இருசக்கர ஊர்திக்காரர் உள்ளே புகுந்துவிடுவார். ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டுவது இதற்காகத்தான்.

ஆகவே பின்னால் இருப்பவர் முன்வண்டியின் விளக்கு எரியும்வரை காத்திருக்கலாகாது. சாலையை முன்கூட்டியே நோக்கி, மெல்லப் பிரேக்கை அழுத்தி, கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும்படி வர வேண்டும். கயிறு விறைப்பாக உள்ளவரை இடைவெளி குறையவில்லை என்று பொருள். உண்மையில் இரு வண்டிகளுக்கும் சேர்த்து நிறுத்தும் பொறுப்பு பின்னிருப்பவருடையதே. பிரேக் கெட்டுப்போன காரைக் கயிற்றால் இழுக்கவே கூடாது. அதற்கு விறைப்பான இரும்புத் தண்டு வேண்டும். அல்லது தூக்கிச் செல்லும் வண்டி வேண்டும்.

வெடுக்கென்று இழுத்தால்

கயிறு தொய்ந்திருக்கும்போதே முன்வண்டி வேகமெடுத்தால், விறைக்கும் நொடியில் பெரிய அதிர்ச்சி உண்டாகிறது. 1,500 கிலோ பிக்கப் வண்டி, மனிதர் வேகமாக நடக்கும் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஒன்றரை மீட்டரில், 1,000 கிலோ காரை வெடுக்கென்று இழுப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே வேகத்துக்கு வருவதற்குள் கயிறு ஏற்கவேண்டிய ஆற்றல் சுமார் 675 ஜூல். நைலான் கயிறு அரை மீட்டர் நீண்டுகொடுத்தால் சராசரி விசை 1,350 நியூட்டன்தான். சங்கிலியோ எஃகு வடமோ 5 சென்டிமீட்டர்தான் நீளும் என்றால் விசை பத்து மடங்கு. ஏறத்தாழ 1,400 கிலோ எடைக்கு இணை. உச்ச விசை இதைப்போல் இரு மடங்குகூட இருக்கலாம். துருவேறிய கொக்கி இதைத் தாங்குமா?

அறுந்த கயிற்றின் முனை சாட்டையாக, கொக்கியோடு பறந்து வரும். எனவே இழுக்கும்போது அருகே ஆள் நிற்கலாகாது. கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் அதன் பாய்ச்சல் தணியும். முதல் கியரில், நத்தை வேகத்தில் கயிற்றை விறைக்கச் செய்து, அதன் பிறகே புறப்பட வேண்டும்.

பழைய வண்டியில் பார்க்க வேண்டியவை

முதலாவது பிரேக் எண்ணெய். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். சுமையோடு மீண்டும் மீண்டும் பிரேக் பிடித்துச் சூடேறும்போது எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். நீர்மம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது மலிவான ஆயுள் காப்பீடு.

இரண்டாவது ரேடியேட்டர். மெதுவாக இழுக்கும்போது எதிர்க்காற்று போதாது. விசிறியும் நீரும்தான் எஞ்சினைக் காக்க வேண்டும். நம் புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். சுடுநீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. எனவே வாலைவடிநீரும் குளிர்விப்பு நீர்மமும் கலந்து ஊற்றுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். அழுத்தத்திலுள்ள கொதிநீர் முகத்தில் பீறிடும்.

மூன்றாவது கிளட்ச். புறப்படும்போது அது வழுக்குவதில்தான் வெப்பம் பிறக்கிறது. சுமையோடு ஏற்றத்தில் நின்று, பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் தகடு கருகும், மூக்கே சொல்லிவிடும்.

நான்காவது சக்கரப் பிடிப்பு. வெற்றுப் பிக்கப் வண்டியின் பின்பக்கம் இலேசானது. பின்சக்கரங்களின்மேல் 600 கிலோ எடை இருந்து, ஈரச் சேற்றில் உராய்வுக் கெழு 0.3 ஆனால், 180 கிலோ விசைக்குமேல் இழுக்க முயன்றால் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. பின் அச்சுக்கு நேர்மேலே 50 கிலோ மணல் மூட்டை நான்கை வைத்தால் இது 240 கிலோவாக உயரும். வில்பட்டைகளில் விரிசல் இல்லையென்று அதற்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கொக்கி. அது அடிச்சட்டத்தில் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் ஊர்போய்ச் சேரும். அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருத்தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும்.

வெள்ளத்தில் நின்ற கார்

நீரில் மூழ்கிய காரை இழுத்தபடியே கியரில் போட்டு எஞ்சினை உசுப்பப் பார்ப்பது பெருங்கேடு. அரை லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் உருளையில் அமுக்க விகிதம் 20 என்றால், பிஸ்டன் மேலேறிய பிறகு எஞ்சும் இடம் சுமார் 26 கன சென்டிமீட்டர்தான். உள்ளே இரண்டு மேசைக்கரண்டி நீர் புகுந்திருந்தால் போதும். நீர் அமுங்காது, இணைப்புத் தண்டு வளையும். ஆயிரங்களில் முடியவேண்டிய செலவு எஞ்சினையே மாற்றும் செலவாகிவிடும். கியர் நடுநிலையில் இருக்கட்டும். பட்டறையில் நீரை வடித்துப் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். தானியங்கிக் கியர் கார்களையும் மின்சாரக் கார்களையும் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கவே வேண்டாம். முன்னதில் எஞ்சின் ஓடாதபோது கியர்களுக்கு எண்ணெய் செல்வதில்லை; பின்னதில் சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்னாக்கியாக மாறிவிடும். அவற்றைத் தூக்கித்தான் செல்ல வேண்டும்.

வெள்ளநீரில் வந்த பிக்கப் வண்டியின் பிரேக் டிரம்களும் நனைந்திருக்கும். நனைந்த பிரேக்குக்குப் பிடிப்புக் குறைவு. காரைக் கட்டுமுன் சிறிது தூரம் மெல்லப் பிரேக்கை அழுத்தியபடி ஓட்டினால், உராய்வின் வெப்பமே அவற்றை உலர்த்திவிடும்.

அடுத்த மழையில் யாரேனும் உங்கள் வீட்டு வண்டியைக் கயிற்றால் கட்டி இழுக்க வந்தால், எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்க வேண்டாம். இரு வண்டிகளின் பிரேக்கையும் மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்வண்டியில் அமரப்போகிறவரிடம் கயிறு தொய்யாமல் வரவேண்டிய காரணத்தையும் விளக்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.